அரங்கில் அமர்ந்திருப்பது

மார்கழி வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் ரசிகராகிவிடுகிறார். பகல் பத்து தொடங்கும் நாளில் நம்பெருமாள் மூலஸ்தானத்திலிருந்து புறப்பட்டு அர்ச்சுன மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அங்கே அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வீற்றிருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆழ்வார்களும் ஆசாரியர்களும் எதிரே எழுந்தருளியிருக்க, கூம்புக் குல்லாய் தரித்த அரையர்கள் கையில் தாளத்தோடு நின்று நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைப் பாடுவார்கள், அபிநயம் பிடிப்பார்கள், பொருள் சொல்வார்கள். பத்து நாள் பகலில் இது நடக்கும். பிறகு ஆயிரங்கால் மண்டபத்தில் இராப்பத்து.

சிறுவயதில் பாட்டியோடு அந்த மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கையில் நான் அரையரைப் பார்த்ததைவிட, அரையரைப் பார்த்துக்கொண்டிருந்த பெருமாளைத்தான் அதிகம் பார்த்தேன். உலகத்தையே நடத்துகிறவர், இன்னொருவர் பாடுவதை இத்தனை நேரம் அசையாமல் கேட்கிறாரே என்ற வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை. ஆடுகிறவரும் பாடுகிறவரும் உயர்ந்தவர், பார்த்திருப்பவர் சும்மா இருப்பவர் என்று உலகம் நினைக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் அப்படி நினைக்கவில்லை.

இந்தப் பாடத்தை எனக்கு முழுமையாகப் புரியவைத்தது நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானம்.

சென்னை ஓப்பன் என்று நாங்கள் அறிந்த ஏடிபி போட்டி 1996இல் டெல்லியில் தொடங்கி அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்தது. முதலில் கோடையில் நடந்தது. 2000க்குப் பிறகு ஆண்டுத் தொடக்கமே அதன் காலமாக நிலைத்துவிட்டது. ஜனவரி முதல் வாரம் என்றால் மார்கழியின் பின்பாதி. வீதியில் திருப்பாவை கேட்கிற நாட்களில்தான் உலகின் பெரிய ஆட்டக்காரர்கள், ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில், நம் சென்னையில் வந்து இறங்கினார்கள். ஸ்ரீரங்கத்தில் இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டுவதற்குள் கண் அயர்ந்துவிடும். விடியும்போது எழும்பூர். அங்கிருந்து நுங்கம்பாக்கம் எட்டும் தூரம்தான்.

இந்தப் பித்து அப்பாவிடமிருந்து வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர் அவர். டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனை அவர் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. பத்திரிகையில் படித்தும் வானொலியில் கேட்டும் வளர்ந்த பக்தி அது. 1960, 1961 இரண்டு ஆண்டும் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். முதலில் நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், அடுத்த ஆண்டு ராட் லேவரிடம். தோற்கடித்த இருவரும் அந்தந்த ஆண்டில் பட்டத்தையும் வென்றார்கள். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்கை எதிர்த்து ஆடியதுதான் அப்பாவுக்கு வேதம். ஒன்றுக்கு இரண்டு செட் பின்தங்கி, நான்காவது செட்டில் 2–5 என்று முடிந்துபோன நிலையிலிருந்து கிருஷ்ணன் எழுந்து வந்தார். இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் கம்மும். பக்கத்தில் நின்று பார்த்தவர்கூட அப்படிச் சொல்லியிருக்க முடியாது. கண்ணால் காணாத ஒன்றின் மேல் மனிதனுக்கு இத்தனை அன்பு வருமா என்று கேட்பவர்கள், ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களில் இரண்டு இந்த மண்ணுலகில் இல்லாதவை என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

மைதானத்துக்குள் போனதும் எல்லாரும் சென்டர் கோர்ட்டைத் தேடுவார்கள். நான் முதலில் பக்கத்துக் கோர்ட்டுகளுக்குத்தான் போவேன். தகுதிச் சுற்று ஆட்டங்கள் அங்கே நடக்கும். பார்க்கச் சிலர்தான் இருப்பார்கள். உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் முந்நூறுக்கும் அப்பால் இருக்கிற ஓர் இளைஞன், தன் பெயரே தெரியாத அந்தச் சிலர் முன்னால், உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருப்பான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் அவன் மூச்சு வாங்குவது கேட்கும். ஷூ தரையில் தேய்கிற சத்தம் கேட்கும். தொலைக்காட்சியில் பந்து தெரியும், அதன் கனம் தெரியாது. நேரில் அது மட்டையில் படுகிற ஓசையிலேயே அடித்தவரின் மனநிலை தெரிந்துவிடும். தயங்கி அடித்த பந்துக்கு ஓர் ஓசை, நம்பி அடித்த பந்துக்கு வேறோர் ஓசை. இதைச் சொல்லித்தர முடியாது. பல மணி நேரம் உட்கார்ந்தால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு அந்த மௌனம்.

கிரிக்கெட் மைதானத்தில் பந்து வீச ஓடி வரும்போதுதான் கூட்டம் ஆர்ப்பரிக்கும். டென்னிஸில் சர்வ் போட ஒருவர் பந்தைத் தரையில் தட்டத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கானவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடங்காதவர்களை அம்பயர் ஒருமுறை கேட்டுக்கொள்வார். அதன் பின் சத்தம் இருக்காது. குழந்தை சிணுங்கினால் தாய் மார்போடு அணைத்துக்கொள்வாள். கோர்ட்டுக்கு வெளியே சென்னையின் போக்குவரத்து இரைச்சல் தூரத்தில் கேட்கும். ஐயாயிரம் பேர் சேர்ந்து காக்கிற இந்த மௌனம் தனியறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற மௌனத்திலிருந்து வேறுபட்டது. அங்கே என் மனம் அமைதியாக இருக்கிறதா என்று நானே அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்வேன். இங்கே என்னைப் பற்றிய நினைப்பே எழாது. இன்னொருவருடைய ஒரு முயற்சி கெடாமல் இருக்கட்டும் என்பதற்காக அத்தனை பேரும் தங்களை ஒடுக்கிக்கொள்கிறார்கள். தியானத்தில் நான் வருந்தி வருந்தித் தேடிய ஒருமுகப்பாடு, யாரோ ஒரு செக் நாட்டுக்காரரின் இரண்டாவது சர்வுக்காகத் தானே வந்து நின்றிருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

2008 ஜனவரி 5. அரையிறுதி. கார்லோஸ் மோயா ஒரு பக்கம், ரஃபேல் நடால் மறுபக்கம். இருவரும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்காரர்கள். மோயா 2004, 2005 இரண்டு ஆண்டும் சென்னையில் பட்டம் வென்றவர். சென்னை மக்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. நடாலுக்கு அப்போது 21 வயது, ஏற்கனவே மூன்று பிரெஞ்சு ஓப்பன் கையில். சிறுவனாக இருந்த நாளிலிருந்து நடாலுக்கு மோயா மூத்தவர், வழிகாட்டி. யாருக்காகக் கை தட்டுவது என்று கூட்டத்துக்கே தெரியவில்லை.

மூன்று செட், மூன்றும் டை-பிரேக்கர். முதலாவது மோயாவுக்கு. இரண்டாவது டை-பிரேக்கரில் நடால் தோல்வியின் விளிம்பில் நான்கு முறை நின்றார். நான்கு மேட்ச் பாயிண்ட்டையும் தப்பி அந்த செட்டை 10–8 என்று எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார். 3 மணி 54 நிமிடம். மூன்று செட் ஆட்டம் அத்தனை நீளம் போவது மிகமிக அபூர்வம்.

டென்னிஸில் கடிகாரம் யாரையும் காப்பாற்றாது. முன்னிலையில் இருப்பவர் நேரத்தைக் கடத்தி ஜெயித்துவிட முடியாது. கடைசிப் புள்ளியை அவரே வென்றாக வேண்டும். பின்தங்கியவருக்கோ, அந்தக் கடைசிப் புள்ளி விழும்வரை கதவு மூடுவதில்லை. நான்கு முறை மூடப் பார்த்த கதவை அன்று நாங்கள் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நடால் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, முந்தைய புள்ளி நடக்கவே இல்லை என்பதுபோல் வந்து நின்றார். போனதைக் கழுவிவிட்டு வருவது எத்தனை கடினம் என்று மனத்தோடு போராடியவர்களுக்குத் தெரியும்.

மணவாள மாமுனிகள் திருவாய்மொழியின் ஈடு வியாக்கியானத்தை விரித்துச் சொன்னபோது, அதைக் கேட்பதற்காக நம்பெருமாள் ஓராண்டு தன் உற்சவங்களையே நிறுத்தி வைத்தார் என்பது எங்கள் ஊர் சொல்லும் வரலாறு. வீதிப் புறப்பாடு இல்லை, வாகனம் இல்லை. ஓராண்டும் கேட்டல் மட்டும். அந்தப் பொறுமையில் ஒரு துளிதான் அன்று எங்களுக்கு வாய்த்தது. முதுகு வலித்தது, பசித்தது. எழுந்து போக மனம் வரவில்லை. எவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி 6–0, 6–1 என்று நடாலை வென்றார். முந்தைய இரவு நடாலின் கால்களில் மிச்சம் எதையும் வைத்திருக்கவில்லை. அந்த ஸ்கோரைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. தன்னிடம் இருந்ததை எல்லாம் சனிக்கிழமையே கொடுத்துவிட்டவர், ஞாயிற்றுக்கிழமை கையை விரித்துக்கொண்டு வந்து நின்றார். ஆனாலும் வந்து நின்றார். வென்ற யூஷ்னி எப்போதும்போல் மட்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சுற்றியிருந்தவர்களுக்கு ராணுவ வணக்கம் வைத்தார். காலமான அவர் தந்தை ராணுவத்தில் இருந்தவர். உலகத்தின் கண்முன் பெற்ற வெற்றியை ஒருவர் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குச் சமர்ப்பிப்பதைப் பார்ப்பது எனக்குக் கோயிலில் நிற்பதற்குக் குறைந்ததாகத் தோன்றியதில்லை.

ரசிகனுக்கு ஆட்டத்தின்மேல் அதிகாரம் இல்லை. அவன் எவ்வளவு விரும்பினாலும் பந்து ஒரு நூலிழைகூட நகராது. ஆனால் விருப்பத்தை விட்டுவிடவும் அவனால் முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். முண்டக உபநிஷதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் வருகின்றன. ஒன்று பழத்தைத் தின்னும், மற்றொன்று தின்னாமல் பார்த்திருக்கும். அந்தப் பார்க்கும் பறவையை ஒட்டாமல் விலகி நிற்பதாகவே விளக்குவார்கள். அர்ச்சுன மண்டபத்தில் நான் கண்ட பெருமாள் விலகி நிற்பவர் அல்லர். உருகிக் கேட்பவர். விலகாமலே, உரிமை கொண்டாடாமலும் பார்த்திருக்க முடியும். இதைத்தான் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து நான் பழகிக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைகள் வளர்ந்து தங்கள் வாழ்க்கையை ஆடுவதை ஓரத்திலிருந்து பார்க்கும் வயது வந்தபோது, இந்தப் பழக்கம் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. சில சமயம் பந்து வலையின் மேல்பட்டியில் தட்டி, ஒரு கணம் தயங்கி, எதிராளியின் பக்கம் செத்து விழும். எவராலும் எடுக்க முடியாது. புள்ளி அடித்தவருக்குத்தான். அப்போது அவர் மட்டையையோ கையையோ உயர்த்தி எதிராளியிடம் மன்னிப்புக் கேட்பார். விதிப்புத்தகம் கேட்கச் சொல்லவில்லை. புள்ளியைத் திருப்பித் தருவதும் இல்லை. ஆனால் இது என் திறமையால் வந்ததல்ல என்று ஆயிரம் பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறார். நம் வாழ்க்கையில் வலைப்பட்டியில் தட்டி நமக்குச் சாதகமாக விழுந்தவை எத்தனை. நல்ல வீட்டில் பிறந்தது, நல்ல ஆசிரியர் அமைந்தது, தப்பிய விபத்து. கையை உயர்த்தினோமா?

முயற்சியா, அருளா என்ற வழக்கு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டு வருவது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை மரபு சொல்லும் வழி. பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போவாள் என்பது தென்கலை மரபு சொல்லும் வழி. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் வாழ்ந்த தெருக்களில் பிறந்தவன் நான். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நடால் ஓடி ஓடிப் பந்தைப் பற்றியதையும் பார்த்திருக்கிறேன், யாரும் கேட்காமல் ஒரு பந்து வலைதட்டி விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆட்டத்தில் நடக்கின்றன.

பந்து எடுத்துப் போடும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலையோரம் ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்திருப்பார்கள். பந்து வலையில் பட்டதும் பாய்ந்து எடுத்து அடுத்த பக்கம் போய் மறுபடி அசையாமல் அமர்வார்கள். அவர்கள் வேலையைச் சரியாகச் செய்தால் எவரும் அவர்களைக் கவனிக்கமாட்டார்கள். கவனிக்கப்படாமல் இருப்பதே அவர்கள் திறமை. வெயிலில் நிற்கிற அந்தச் சிறுவர் சிறுமியரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள் நினைவுக்கு வருவார்கள். பெருமாள் சிங்கம்போல் நடந்து வருகிறார் என்று கூட்டம் மெய்சிலிர்க்கும். அந்த நடை யாருடைய கால்களில் இருக்கிறது என்று கூட்டம் கேட்பதில்லை, அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை.

2017இல் வைகுண்ட ஏகாதசி ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ஓப்பன் இறுதி ஆட்டமும் அன்றுதான். வாரத்தின் முதல் நாட்களை நுங்கம்பாக்கத்தில் கழித்துவிட்டு ஏகாதசிக்கு ஊர் திரும்பிவிட்டேன். விடியலுக்கு முன் ரத்னாங்கியில் நம்பெருமாள் பரமபதவாசலைக் கடந்தார். ரங்கா, ரங்கா என்ற குரல் மதில்களில் மோதித் திரும்பியது. கூட்ட நெரிசலில் அவர் எனக்குத் தெரிந்தது சில கணங்கள்தான். மாலையில் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். ஸ்பெயினின் ராபர்ட்டோ பாடிஸ்டா அகுட் 6–3, 6–4 என்று வென்றார். இரட்டையரில் அந்த ஆண்டு ரோகன் போபண்ணாவோடு சேர்ந்து பட்டம் வென்றவர் நம் சென்னைப் பிள்ளை ஜீவன் நெடுஞ்செழியன். சென்னையில் நடந்த கடைசி ஏடிபி சுற்றுப்போட்டி அதுதான். அடுத்த ஆண்டு அது புனேவுக்குப் போய்விட்டது.

அன்று தோற்றவர் இருபது வயது ரஷ்ய இளைஞர். அது அவருடைய முதல் ஏடிபி இறுதி ஆட்டம். பெயர் டேனியல் மெத்வதேவ். 2021இல் அவர் நோவாக் ஜோகோவிச்சை வென்று அமெரிக்க ஓப்பன் பட்டம் பெற்றார். 2022 பிப்ரவரியில் உலகின் முதல் நிலை வீரரானார். நுங்கம்பாக்கத்தில் அன்று பரிசளிப்புக்கு முன்பே எழுந்து கிளம்பியவர்கள், ஒரு பெரிய வாழ்க்கையின் தொடக்கத்தைக் கவனிக்காமல் கிளம்பியிருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு அருகே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தன் ராமகாதையை அரங்கேற்றிய இடம் அது என்பது வழிவழிச் செய்தி. இரணியன் வதைப் படலத்தை அவர் சேர்த்ததற்குச் சிலர் மறுப்புச் சொன்னார்களாம். எதிரே உயரத்தில் இருக்கும் மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்தார் என்பார்கள். கவிஞருக்கு அந்தத் தலையசைப்பு போதுமானதாக இருந்தது. நல்ல ரசிகர் ஒருவர் ஆமோதிப்பது ஆடுகிறவருக்கு எத்தனை பெரிய பலம் என்பதை அந்தக் கதை வழியாக எங்கள் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தோற்றுத் தலைகுனிந்து பையைத் தூக்குகிறவருக்கு அது இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

சென்னையில் டென்னிஸ் நின்றுவிடவில்லை. 2022 செப்டம்பரில் பெண்களுக்கான சென்னை ஓப்பன் வந்தது. செக் குடியரசின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார். 2025இல் மீண்டும் நடந்தபோது இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் வென்றார். ஆண்களுக்கான சேலஞ்சர் போட்டியும் நுங்கம்பாக்கத்தில் நடந்து வருகிறது. 2024 பிப்ரவரியில் அதில் பட்டம் வென்றுதான் சுமித் நாகல் உலகின் முதல் நூறு பேருக்குள் வந்தார்.

அடுத்த போட்டி அறிவிப்பு வரும்போது ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சென்டர் கோர்ட்டுக்கு முன் பக்கத்துக் கோர்ட்டில் ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து பாருங்கள். கைப்பேசியைப் பையில் வைத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். தோற்றவர் வெளியே போகும்வரை இருந்து, அவருக்காகக் கை தட்டிவிட்டு வாருங்கள்.